நீலம் பாய்ந்த டிஸ்க்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று முறை பழகப் போனேன். மூன்று முறையும் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் கால் குழம்பிவிட்டது. கடைசித் தடவை கம்பம் மார்க்கெட்டுக்குப் பின்னால் வாழைத்தார் ஏற்றி நின்ற ஒரு மாட்டு வண்டியில் கொண்டுபோய் முட்டினேன். அதோடு விட்டுவிட்டேன். சுருளிப்பட்டியில் இருக்கும் என் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்வர ஒரு மொபெட் போதும்.

கார் என் மனைவியுடையது. அவள் பல் டாக்டர். கம்பத்தில் எங்கள் வீட்டின் முன்கட்டே அவளுடைய கிளினிக். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மத்தியானத்துக்கு மேல் மலை ஏறிக் குமுளிக்குப் போய் அங்கே ஒரு வாடகை அறையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்பி வருவாள்.

குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளப் பெரியவருக்கு அவள் பல் செட் கட்டிக்கொடுத்தாள். அவருடைய மகன் வெளிநாடு போய்விட்டான். அவன் ஆசை ஆசையாக ஓட்டிய சிவப்புக் கார் ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது. எட்டு வருடப் பழையது என்றாலும் எஞ்சின் மட்டும் அந்தக் காலத்தில் சாலையில் ஓடிய மற்ற கார்களைப் போல இரண்டு மடங்கு பலம் கொண்டது என்று சொன்னார்கள். “மோளே, இது நீ எடுத்தோ” என்று அவர் சொல்ல, அவள் எடுத்துக்கொண்டாள். கேரளத்துக் கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அச்சாயன் என்பார்கள்; ஊரில் அதற்கு அச்சாயன் கார் என்று பெயர் வந்தது. “டாக்டரம்மா அச்சாயன் கார்ல போறாக” என்று சிறுபிள்ளைகள்கூடச் சொல்லும். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது.

நான் சொல்லப்போவது இரண்டாயிரத்து எட்டாம் வருடம் நடந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, “பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் கெடந்து உதறுதுங்க” என்றாள். வண்டியைக் கம்பம்மெட்டு ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டோம். கோயம்புத்தூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாகப் பட்டறை வைத்தவர். என்னைவிட வயதில் இளையவர். முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் போச்சு. கடசல் பிடிச்சுச் சமமாக்கவும் சதை இல்ல, தேஞ்சிருச்சு. புதுசு வாங்கிட்டு வந்துருங்க” என்றார்.

டிஸ்க் என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் அதை இரண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கும், வண்டி நிற்கும். இதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திராட்சைக்கு மருந்து வாங்க நான் எப்படியும் தேனிக்குப் போகிறவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

“நல்ல டிஸ்க்கா வாங்குங்க. இருக்கிறதுலயே நல்லதா” என்றாள் மனைவி. சேலை எடுக்கும்போதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

கார் விஷயம் என்பதால் பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். அவன் கார்ப் பைத்தியம். “மாமா, அது சாதாரண வண்டி இல்ல. அதுக்குப் போயி சாதா டிஸ்க்க மாட்டிறாதீக. கோடு போட்டது வாங்குங்க. இல்லன்னா ஓட்ட போட்டது. ஆனா ஓட்ட போட்டதுல விரிசல் விழும்னும் சொல்றாங்க” என்றான். கோடு போட்டது என்றால் முகத்தில் சாய்வாக வரி கீறியது. ஓட்டை போட்டது என்றால் சல்லடை போலத் துளைத்தது. எதற்குக் கோடு, எதற்கு ஓட்டை என்று கேட்டேன். சூடு, வாயு, தூசி என்று கால் மணி நேரம் பேசினான். பிறகு மெயிலில் ஏதோ அனுப்பினான். பிரவுசிங் சென்டரில் அதைப் பிரிண்ட் எடுத்தேன். ஒன்பது பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் ஓட்டைதான் நல்லது என்றிருந்தது. நான்காம் பக்கத்தில் ஓட்டை கூடவே கூடாது என்றிருந்தது.

தேனியில் மதுரை ரோட்டில் அந்தக் கடை இருந்தது. நடத்தியது ஒரு அம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்திருப்பார். கல்லாவுக்கு மேலே பைபிள் வசனக் காலண்டர், கண்ணாடி மேஜைக்குக் கீழே பேரிங்குகள். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லி வேலையாளை எடுக்கச் செய்தார். நான் காரின் பெயரைச் சொன்னதும் கேள்விகள் வந்தன.

“எந்த வருச மாடல்? முன்னாடியா, பின்னாடியா? கெட்டி டிஸ்க்கா, நடுவுல காத்துப் போறதா? போல்ட்டுக்கு நாலு ஓட்டையா, அஞ்சு ஓட்டையா?”

“கோடு போட்டது” என்றேன்.

“அது அப்புறம்ணே. மொதல்ல அளவச் சொல்லுங்க.”

அளவு தெரியாது. மனைவிக்குப் போன் செய்தால் கிளினிக்கில் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கைக் கேட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மாடலைச் சொன்னால் போதும் என்றார். சொன்னேன். அந்த அம்மாள் ஒரு ஜோடி சாதா டிஸ்க்கை எடுத்துவைத்து, “இப்போதைக்கு இதான் இருக்கு. மாட்டிப் பாருங்க, சேரலைன்னா கொண்டாங்க” என்றார். இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சேரவில்லை. மெக்கானிக் புதியதைப் பழையதன் மேல் வைத்தார். சுற்றிலும் ஒரு விரல் அகலம் குறைந்தது.

“இது குட்டிண்ணே.”

“ஆர்.சி. புத்தகத்துல உள்ளததான சொன்னேன்.”

“புத்தகம் சரிதான். வண்டிதான் வேற.” தவழ்ந்து உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். “அந்த அச்சாயன் மகன் வேற பெரிய கார் பிரேக்க இதுல மாத்தி வச்சிருக்கான். வேகமா ஓட்டுற பயலுக செய்வாங்க.”

“எந்தக் காரோடது?”

“அதத்தான் கண்டுபிடிக்கணும். பழச கையோட கொண்டு போங்க. முகத்துக்கு முகம் வச்சுப் பாத்தா பொய் சொல்லாது.”

இதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. வண்டி பட்டறையில் ஸ்டாண்டின் மேல் நின்றது. மனைவி பஸ்ஸில் குமுளிக்குப் போய்வந்தாள். சிரமமாக இருக்குமே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த நாட்களில் அவள் சிரித்த முகமாக வந்தாள். பஸ்ஸில் வாங்கிய கடலைப் பொட்டலத்தை எனக்கும் மிச்சம் வைத்திருப்பாள். கண்டக்டர் யாரோடோ சண்டை போட்டதை நடித்துக் காட்டுவாள். காரில் போய்வந்த நாட்களில் அவள் வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

பழைய டிஸ்க் ஒன்றை யூரியாப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மறுபடி தேனிக்குப் போனேன். கனம் தோளை இழுத்தது. அனுமந்தன்பட்டி தாண்டும்போது பையைக் காலால் தள்ளிப் பார்த்த கண்டக்டர், “என்னண்ணே, ஆட்டுக்கல்லா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைக்கார அம்மாள் மேஜையில் செய்தித்தாளை விரித்து டிஸ்க்கை அதன் மேல் வைத்தார். வெர்னியரால் கனம் பார்த்தார், குறுக்களவு பார்த்தார், நடுவில் தொப்பி போல எழும்பி நிற்கும் பாகத்தின் உயரம் பார்த்தார். உள்ளேயிருந்து மூன்று ரகம் வந்தன. முதலாவது அளவில் ஒத்தது, தொப்பி தாழ்ந்திருந்தது. இரண்டாவதில் தொப்பி சரி, நடு ஓட்டை சின்னது. மூன்றாவதைப் பழையதன் மேல் கவிழ்த்ததும் ஓட்டையும் விளிம்பும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. எனக்கு மூச்சு வந்தது.

“இதுல சாதாவும் இருக்கு, கோடு போட்டதும் இருக்கு. கோடு போட்டத கோயம்புத்தூர்லருந்து பார்சல்ல வரவழைக்கணும்” என்றவர், எதற்கோ பழைய டிஸ்க்கை நிமிர்த்தி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இத யாருண்ணே ஓட்டுறது? மகனா?”

“இல்லக்கா. என் சம்சாரம்.”

“இங்கன பாருங்க.” அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இரும்பு நீலமாக இருந்தது. மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாக, வட்டம் முழுக்க. தினமும் பட்டறையில் கிடந்ததைப் பார்த்திருந்தும் என் கண்ணில் அது பட்டிருக்கவில்லை.

“நீலம் பாயணும்னா டிஸ்க் அந்தளவுக்குக் காஞ்சிருக்கணும். அது ரெண்டு விதமாத்தான் காயும். ஒண்ணு, பறந்து வந்து பட்டுனு அமுக்குறது. வேகக்காரவுக அப்படி. இல்லையா, மலையில எறங்குறப்ப மேலருந்து கீழ வரைக்கும் காலையே எடுக்காம மிதிச்சுக்கிட்டு வர்றது. அது பயந்தவுக. வேகக்காரவுகளுக்குக் கோடு போட்டத வாங்கிக் கொடுத்தா பிரயோசனம் உண்டு. பயந்தவுகளுக்கு எத மாட்டினாலும் திரும்ப இப்படித்தான் நீலமாகும். உங்க வீட்டுல எந்த ரகம்?”

“கேட்டுப் பாக்கணும்க்கா” என்றேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

“கேட்டுட்டுப் போன் பண்ணுங்க. ரெண்டையும் சும்மா வாங்கிப் போட்டு என்ன செய்யப் போறீக” என்றார். குட்டி டிஸ்க்குகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பழையதை மறுபடி பையில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் அதே நினைப்புத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் ஐம்பதுக்கு மேல் போக மாட்டாள். அதனால் அது எதையும் சொல்லாது. மலைப்பாதையில் அவளோடு நான் போனதே இல்லை, மத்தியானத்துக்கு மேல் எனக்குத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலை. குமுளியில் கிளம்புகிறேன் என்று அவள் போன் செய்யும் நேரத்தையும் வீட்டுக்கு வரும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சில நாள் அரை மணி நேரத்தில் வந்திருக்கிறாள். அப்படியானால் பறந்துதான் வந்திருக்க வேண்டும். சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அது என்ன? வழியில் எங்காவது நின்றாளா? நின்றால் எதற்கு?

வேகக்காரிதான் என்று கடைசியில் முடிவு செய்தேன். சிரிஞ்சைப் பார்த்துப் பெரிய பெரிய ஆட்கள் அலறும்போது கை நடுங்காமல் நிற்கிறவள் அவள். அவள் எதற்குப் பயப்படப்போகிறாள்? அந்த முடிவுக்கு வந்ததும் வேறொரு குழப்பம் பிடித்தது. கோடு போட்டதை வாங்கிக்கொடுத்தால், போ, இன்னும் வேகமாகப் போ என்று நானே சொன்னதாகிவிடாதா? சாதாவை வாங்கி, அவசரத்தில் அது பிடிக்காமல் போனால்?

அன்று சாயங்காலம் தோசை சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “குமுளியிலருந்து எறங்க எவ்வளவு நேரமாகும்?”

“எதுக்குக் கேக்குறீக?”

“சும்மாதான்.”

“வேகமாப் போறேன்னு யாராச்சும் சொன்னாகளா?”

“யாரும் சொல்லல. டிஸ்க் நீலமா இருக்குன்னு அந்தக் கடையில…”

“டிஸ்க் வாங்கப் போன எடத்துல என்னைப் பத்தி என்ன விசாரணை? நீங்க ஒரு நாளு அந்த மலையில ஓட்டிட்டு வாங்க, அப்புறம் கேளுங்க.” பாதித் தோசையோடு எழுந்து போய்விட்டாள். கோபத்தைவிட அந்தக் குரலில் வேறு என்னவோ இருந்தது. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

கேட்டு ஒன்றும் ஆகவில்லை என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். “நீங்க கேக்காதீக. ஞாயித்துக்கிழமை டாக்டரம்மாவக் கூட்டிட்டு வாங்க, வேற வேலையும் காட்டணும்” என்றார்.

ஞாயிறு காலை இருவரும் போனோம். மெக்கானிக் ஒரு பேடைக் கையில் கொடுத்தார். அதன் முகம் கண்ணாடி போல் வழவழத்தது. ஒரு பாட்டிலில் பிரேக் ஆயிலை இறக்கி வைத்திருந்தார், டிக்காஷன் போலக் கறுத்திருந்தது. அவர் என் மனைவியிடம் சாதாரணமாக, தண்ணீர் குடித்தீர்களா என்று விசாரிப்பது போலக் கேட்டார்.

“எறக்கத்துல எந்தக் கியர்ல வர்றீக டாக்டரம்மா?”

“நாலுல.”

“ரெண்டாவதுல போட்டுப் பாத்ததில்லையா?”

“போட்டேன். எஞ்சின் கத்துது. ஒடஞ்சு போயிருமோன்னு எடுத்துட்டேன்.”

“அப்ப பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றீக.”

“ஆமா.” பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னாள். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழம, பெடல் உள்ள போயிருச்சு. பஞ்ச மிதிக்கிற மாதிரி. வண்டி நிக்கல. முன்னாடி ஐயப்பன் கோயில் வேன் ஒண்ணு. கை பிரேக்க இழுத்து, மலைப்பக்கமா இருந்த மண்ணுல ஏத்தித்தான் நிப்பாட்டினேன்.”

நான் பட்டறையில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்புறம்?” என்றார் மெக்கானிக்.

“அரை மணி நேரம் உள்ளேயே உக்காந்திருந்தேன். திரும்ப மிதிச்சா பெடல் நல்லா இருக்கு. அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. கெட்டது எப்படித் தானா நல்லா ஆகும்? நாந்தான் சரியா மிதிக்கலையோன்னு நெனச்சேன். இத யாருட்ட என்னன்னு சொல்றது? அதுக்கப்புறம் மேல மொத வளைவுலேயே கால வச்சுருவேன். பாதியில எங்கயாச்சும் நிப்பாட்டி ஆற விட்டுட்டு வருவேன். சில நாள் அடிவாரத்துல லோயர் கேம்ப் வந்ததும் தப்பிச்சோம்னு இருக்கும்.”

“நீங்க சரியாத்தான் மிதிச்சீக. சூட்டுல ஆயில் கொதிச்சுருச்சு. கொதிச்சா குமிழி விடும், பெடல் பஞ்சாயிரும். ஆறினா சரியாயிரும். பயத்துல கூட மிதிச்சிருக்கீக, கூட மிதிக்கக் கூடக் காஞ்சிருக்கு.” அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டாவதுல போட்டு விடுங்க, எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கும். கத்தட்டும். கத்துறதுக்குன்னே செஞ்ச எஞ்சின் அது. ஒண்ணும் ஆகாது.”

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவள் எனக்குச் சொல்லாமல் இருந்ததில் கோபமா, நான் கேட்காமல் இருந்ததில் வெட்கமா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு மாதம் என்றால் எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி. அத்தனை நாளும் நான் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் வேகக்காரி இல்லை என்பதில் ஒரு நிம்மதி வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அது வரவில்லை.

“ஏன் சொல்லல?” என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

“அச்சாயன் கார்ல போறவ பயந்தாங்கொள்ளின்னு சொல்லணுமா?” என்றாள். சிரித்தாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்து சாதா டிஸ்க் ஒரு ஜோடி, புதுப் பேடு, பிரேக் ஆயில் என்று சொன்னேன். ஏன் எதற்கு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கம்பம் பஸ்ஸில் போட்டுவிட்டார். அக்கா மகன்தான் வருத்தப்பட்டான். மெக்கானிக் சக்கரம் உட்காரும் இடத்திலிருந்த துருவைச் சுரண்டித் துடைத்துவிட்டு மாட்டினார். துருவோடு மாட்டினால் புது டிஸ்க்கும் உதறும் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் பாய்ச்சும் வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு நானும் குமுளிக்குப் போனேன். கிளினிக் வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதல் வளைவுக்கு முன்னால் அவள் இரண்டாவது கியரைப் போட்டாள். எஞ்சின் அலறியது. எனக்கே ஏதோ உடையப்போகிறது என்று தோன்றியது. வலது கால் பிரேக்கின் மேல் போய் நிற்பதும், எடுப்பதும், மறுபடி போவதுமாக இருந்தது. மின்நிலையத்துக்கு இறங்கும் தண்ணீர்க் குழாய்கள் தெரியும் வளைவு வந்தபோதுதான், வண்டி கூச்சல் போட்டதே தவிர ஓடிவிடவில்லை என்பதை இருவரும் கவனித்தோம்.

லோயர் கேம்ப் தாண்டியது. சமதளம். இனிமேல் பேசலாம் என்று நான் வாயைத் திறந்தபோது அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஒரே பச்சையாக ஓடியது. முள் நூறைத் தாண்டி இன்னும் மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“இப்படித்தான் போவியா?” என்று கேட்டேன்.

“ரோடு நேரா இருந்தா போவேன்.”

கூடலூருக்கு வெளியே ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். நான் இறங்கிப் போய்ச் சக்கரத்தின் பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. அவள் டீக்கு வடையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ விசாரித்துக்கொண்டிருந்தாள். கடையில் அந்த அம்மாள் கேட்ட இரண்டு ரகத்தில் இவளை எதில் சேர்ப்பது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. எதற்குப் பயப்படுவது என்றும் தெரியவில்லை.

இன்னும் மூன்று வாரம் கூடப் போனேன். “நீங்க வந்து என்ன செய்யப் போறீக, திராட்சையப் பாருங்க” என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள், ஆனால் கிளம்பும்போது எனக்காக நின்றாள். நான்காவது வாரம் அறுவடை. அன்று தனியாகப் போனாள். கொடிப் பந்தலுக்குக் கீழே பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“லோயர் கேம்ப் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அந்த நேரத்துக்கு, அதே இடத்திலிருந்து, அதே மூன்று வார்த்தை வந்தது. ரொம்ப நாள் வந்தது. பிறகு எப்போதோ நின்றுவிட்டது. எந்த வாரத்தில் நின்றது, அன்றைக்கு நான் அதைக் கவனித்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.